வளைவரைக்குப் பின்னால் இருக்கும் படிகம்

மோதல் கணிப்புப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களுக்கு,

கார் ஒன்று தடுப்பில் மோதுவதையும், எரிபொருள் தொட்டி கீழே விழுவதையும், பறவை ஒன்று விமான எஞ்சினின் இதழில் அடிபடுவதையும் கணினிக்குள் நிகழ்த்திப் பார்ப்பது உங்கள் அன்றாட வேலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார்கள் செய்யப்படுவதால் உங்களில் கணிசமானோர் சென்னையைச் சுற்றியே இருக்கிறீர்கள். 2023 அக்டோபர் முதல் நாளில் பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்பு மதிப்பீடு நடைமுறைக்கு வந்த பிறகு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முகப்பு எப்படி நசுங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டிய பொறுப்பு உங்களுக்குக் கூடியிருக்கிறது. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கணிப்புக்கும் அடியில் ஒரு மெட்டீரியல் கார்டு இருக்கிறது. இந்த எஃகு இன்ன வேகத்தில் இன்ன அளவு இழுபட்டால் இவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் சில எண்கள் அவை. வடிவமும் மெஷ்ஷும் பலமுறை சரிபார்க்கப்படுகின்றன. இந்த எண்கள் மட்டும் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்த மடல். வேகமாக உருக்குலையும் ஒரு பொருளை, அது உருக்குலையும் கணத்திலேயே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவின் மூலம் பார்க்க இன்று முடிகிறது. அந்தச் சான்றை உங்கள் மெட்டீரியல் கார்டின் அடித்தளமாக ஏற்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

அந்த எண்கள் வரும் வழியிலிருந்து தொடங்குவோம். வெடிப்பின் அழுத்தத்தை, நீண்ட எஃகுத் தண்டு வழியே ஓடும் அலையைக் கொண்டு அளக்கலாம் என்று பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914-ல் காட்டினார். ஹெர்பர்ட் கோல்ஸ்கி 1949-ல் அந்தத் தண்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு சிறு மாதிரியை வைத்தார். முதல் தண்டில் வரும் அலை மாதிரியை நசுக்கும். ஒரு பங்கு திரும்பி ஓடும், மறுபங்கு இரண்டாவது தண்டுக்குள் புகும். இரண்டையும் அளந்தால் மாதிரியின் தகைவும் திரிபும் கிடைத்துவிடும். வினாடிக்குச் சில நூறு முதல் பத்தாயிரம் வரையான திரிபு வீதங்களுக்கு இன்றும் இதுவே முதன்மையான சோதனை. இப்படிப்பட்ட சோதனைகளின் வளைவரைகளுக்குப் பொருந்துமாறு கார்டன் ஜான்சனும் வில்லியம் குக்கும் 1983-ல் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார்கள். அதில் ஐந்து மாறிலிகள். இழுபட இழுபட உலோகம் கடினமாகும். வேகத்தின் மடக்கைக்கு ஏற்ப வலிமை ஏறும். சூடு ஏறினால் வலிமை இறங்கி, உருகுநிலையில் பூஜ்யமாகும். எளிமையான சமன்பாடு என்பதால் எல்லா மென்பொருள்களிலும் இடம்பிடித்தது, உலகெங்கும் பரவியது. ஆனால் தண்டுகளில் ஒட்டிய திரிபு அளவிகளுக்குத் தெரிவது மாதிரியின் இரு முனைகளில் நடப்பது மட்டுமே. உள்ளே எந்த அணுத்தளம் வழுக்கியது, எந்தப் படிகம் திரும்பியது, எந்தப் பகுதி வேறு அமைப்புக்கு மாறியது என்பதெல்லாம் அந்த அளவியின் அறிவுக்கு அப்பாற்பட்டவை. வளைவரை விளைவைச் சொல்கிறது. காரணத்தை நாம் ஊகிக்கிறோம்.

ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதற்குத் தாமிரமே சாட்சி. திரிபு வீதம் வினாடிக்கு ஆயிரம் என்ற அளவை நெருங்கும்வரை தாமிரத்தின் வலிமை மெல்ல ஏறுகிறது. அதைத் தாண்டியதும் சட்டென்று செங்குத்தாக எழுகிறது. படிகத்துக்குள் அணுவரிசை பிசகிய கோடுகளை டிஸ்லொகேஷன் என்கிறோம். உலோகம் வளைவதே இந்தக் கோடுகள் நகர்வதால்தான். மிக வேகமாக நகரும் கோடுகளை அணுக்களின் அதிர்வு பிடித்து இழுப்பதால் வலிமை எழுகிறது என்பது ஒரு விளக்கம். வேகத்தில் கோடுகள் அதிகமாகப் பெருகி ஒன்றையொன்று தடுக்கின்றன என்பது மற்றொரு விளக்கம். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஃபாலன்ஸ்பியும் காக்ஸும் 1988-ல், வெவ்வேறு வேகங்களில் நசுக்கிய தாமிரத்தை மறுபடி சோதித்து, அவர்கள் ஆராய்ந்த வேகங்களில் இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது என்று வாதிட்டார்கள். இது ஏட்டுத் தகராறு இல்லை. முதல் காரணம் உண்மையானால் சூடான தாமிரம் இன்னும் வலிமையாக வேண்டும், ஏனெனில் சூட்டில் அணுக்களின் அதிர்வு கூடும். வேகம் இன்னும் உயர்ந்தால் அதுவும் நடக்கிறது. இயன் டவ்டிங்கும் கிறிஸ்டோபர் ஷூவும் 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், திரிபு வீதம் வினாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் போனபோது, வெப்பநிலை சுமார் 157 டிகிரி செல்சியஸ் உயர்ந்த தாமிரத்தின் வலிமை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. ஜான்சன்-குக் சமன்பாட்டின் வெப்ப உறுப்பு இறங்க மட்டுமே அறிந்தது. மாறிலிகளை எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் இந்த ஏற்றத்தை அது தராது. காரணம் மாறும் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வளைவரையை நீட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

காரணத்தை நேரில் காட்டக்கூடியது விளிம்பு விளைவு. மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனையின்படி 1912-ல் மியூனிக்கில் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிர்கள் செலுத்தப்பட்டபோது படத்தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் விழுந்தன. அந்தப் புள்ளிகளின் கோணத்திலிருந்து அணுத்தளங்களின் இடைவெளியைக் கணக்கிடும் எளிய சமன்பாட்டை லாரன்ஸ் பிராக் தந்தார். பல சிறு படிகங்கள் சேர்ந்த உலோகத்தில் புள்ளிகள் வளையங்களாகின்றன. அந்த வளையங்கள் ஒரே நேரத்தில் நான்கு செய்திகளைத் தருகின்றன. வளையம் இடம் மாறினால் அணுத்தள இடைவெளி மாறியிருக்கிறது. படிகம் எவ்வளவு தகைவைச் சுமக்கிறது என்பதை அது சொல்கிறது. 1,000 மெகாபாஸ்கல் தகைவில் எஃகின் இடைவெளி மாறுவது அரை விழுக்காடுதான், ஆனால் அதை அளக்க முடியும். வளையம் அகன்றால் டிஸ்லொகேஷன்கள் பெருகியிருக்கலாம், அல்லது படிகங்கள் சிறிதாகியிருக்கலாம். வளையத்தின் ஒளிர்வு ஒரு திசையிலிருந்து வேறு திசைக்குப் போனால் படிகங்கள் திரும்பியிருக்கின்றன. மெல்ல நகர்ந்ததா, சட்டென்று தாவியதா என்பதைக் கொண்டு அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் வழுக்கலையும், படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிவிடும் ட்வின்னிங்கையும் பிரித்தறியலாம். முன்பு இல்லாத இடத்தில் புது வளையம் தோன்றினால் புதிய படிக அமைப்பு பிறந்திருக்கிறது. கோல்ஸ்கி தண்டு தரும் ஒற்றை வளைவரைக்குள் கலந்துகிடக்கும் இந்த நான்கையும் விளிம்பு விளைவு தனித்தனியே எடுத்து வைக்கிறது.

பொருள் வேகமாக உருக்குலையும் கணத்திலேயே இதைச் செய்வதற்குத் தடையாக இருந்தது காலம்தான். எஃகில் ஒலி வினாடிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடுகிறது; ஒரு மில்லிமீட்டர் தடிமனைக் கடக்க அதற்கு ஒரு மைக்ரோ வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் படம் எடுக்கப் போதுமான எக்ஸ் கதிர்கள் வேண்டும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் குவென்டின் ஜான்சனும் துணையாளர்களும் 1970-ல் லித்தியம் ஃபுளோரைடு படிகத்தை வெடிமருந்தின் அதிர்ச்சி அலையால் அழுத்தி, அந்தக் கணத்திலேயே ஒரு மின்னல் போன்ற எக்ஸ் கதிர்த் துடிப்பைச் செலுத்தி விளிம்பு விளைவைப் பதிவுசெய்தார்கள். 1972-ல் ஜான்சனும் மிட்செலும் போரான் நைட்ரைடு அழுத்தத்தில் வேறு அமைப்புக்கு மாறுவதற்கான முதல் சான்றை இதே வழியில் வெளியிட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று அதே ஆய்வகத்தில் நடந்தது. ஜான் ஹால்குவிஸ்ட் 1976-ல் டைனா-3டி என்ற மென்பொருளை எழுதி முடித்தார். உங்களில் பலர் இன்று பயன்படுத்தும் எல்எஸ்-டைனா அதன் வழிவந்தது. வேகமான உருக்குலைவைக் கணிக்கும் கருவியும் அதைப் படிக அளவில் பார்க்கும் கருவியும் ஒரே வளாகத்தில், ஒரே பத்தாண்டுக்குள் உருவாயின. பிறகு கணிப்பு உலகத் தொழிலாக வளர்ந்தது. பார்ப்பது சில ஆய்வகங்களின் அரிய கலையாகவே நின்றது. அன்றைய எக்ஸ் கதிர்க் குழாய்களுக்கு அதற்கு மேல் ஆற்றல் இல்லை என்பது அதற்கு நியாயமான காரணம்.

அந்தக் காரணம் இன்று இல்லை. சிகாகோ அருகே ஆர்கான் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்களைத் தரும் சின்க்ரோட்ரான் முடுக்கி, அதன் வழக்கமான இயக்க முறை ஒன்றில் 153 நானோ வினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பிவந்தது. ஒவ்வொன்றும் ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், மோதல் துப்பாக்கிகளையும் லேசரையும் அந்தக் கதிர்க்கற்றையோடு இணைத்த தனிப்பிரிவே அங்கு இயங்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் 2009-ல் ஒளிர்ந்த எல்சிஎல்எஸ் எக்ஸ் கதிர் லேசர், ஒரு நானோ வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சுமார் ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்களைக் கொட்டுகிறது. ஹாம்பர்க் அருகே 2017-ல் திறக்கப்பட்ட ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் வினாடிக்கு 27,000 துடிப்புகள் வரை தருகிறது. அந்தத் துடிப்புகளுக்கு ஈடுகொடுத்துத் தொடர்ச்சியாகப் படம் பிடிக்கும் உணரிகளும் வந்துவிட்டன.

இனி உங்கள் தரப்பில் எழக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன். முதல் கேள்வி இப்படி இருக்கும்: நசுங்கிய மாதிரியை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே நடந்தது தெரிந்துவிடுமே, நடக்கும்போதே பார்ப்பது எதற்கு? இரும்பின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. பான்கிராஃப்ட், பீட்டர்சன், மின்ஷால் மூவரும் 1956-ல் இரும்பை வெடிமருந்தால் அழுத்தினார்கள். 13 ஜிகாபாஸ்கலில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 1.3 லட்சம் மடங்கில், அதிர்ச்சி அலை பிளவுபடுவதைக் கண்டு இரும்பு அங்கே வேறு அமைப்புக்கு மாறுகிறது என்று முடிவுசெய்தார்கள். எந்த அமைப்பு என்று அலையின் வடிவம் சொல்லவில்லை. 1962-ல் ஜேமிசனும் லாசனும் இரும்பை மெதுவாக அழுத்தி, எக்ஸ் கதிர் கொண்டு, அது அறுகோண நெருக்க அமைப்பு என்றார்கள். அதிர்ச்சி அலைக்குள்ளும் அதே மாற்றம்தான் நிகழ்கிறது என்பதை நானோ வினாடி எக்ஸ் கதிர்ப் படங்களால் நேரில் காட்டியது 2005-ல் கலந்தரும் துணையாளர்களும் வெளியிட்ட ஆய்வு. இடையில் ஓடியவை 49 ஆண்டுகள். அழுத்தம் நீங்கியதும் இரும்பு பழைய அமைப்புக்கே திரும்பிவிடுகிறது. மீட்டெடுத்த துண்டில் தழும்புகள் தெரியும், அந்த அமைப்பு தெரியாது. எவ்வளவு நல்ல நுண்ணோக்கியும் இல்லாததைக் காட்ட முடியாது.

இரும்பு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். டான்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்தத்தில் அது படிக அமைப்பை மாற்றிக்கொள்வதில்லை, வளைகிறது அவ்வளவுதான். வெரன்பெர்க்கும் துணையாளர்களும் 2017-ல் எல்சிஎல்எஸ் லேசரில் அதை ஆராய்ந்து, அழுத்தம் சுமார் 150 ஜிகாபாஸ்கலை எட்டும்போது உருக்குலைவின் முதன்மை வழி ட்வின்னிங்கிலிருந்து வழுக்கலுக்கு மாறுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஸ்லிவாவும் துணையாளர்களும் அதிர்ச்சி அலை மறுபக்கம் வெளியேறி அழுத்தம் தளரும் கணங்களைப் படம் பிடித்தார்கள். அழுத்தத்தில் உருவான ட்வின்களும், படிகங்கள் திரும்பிய திருப்பமும் அந்தத் தளர்ச்சியிலேயே ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோயின. நிலைக்கு வந்து நிற்கும் தேரைப் பார்த்து, அது எந்தத் தெருவில் சிக்கி நின்றது என்று சொல்ல முடியாது. மீட்டெடுத்த டான்டலத்தின் நுண்படத்திலிருந்து அது வளைந்த வழியைச் சொல்ல முயல்வதும் அப்படித்தான். மீட்டெடுத்த மாதிரிகளின் ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. ஃபாலன்ஸ்பியும் காக்ஸும் அதைக்கொண்டே நல்ல வாதம் செய்தார்கள். எந்தத் தடயம் எஞ்சும், எந்தத் தடயம் அழியும் என்பதை நடக்கும்போது பார்த்தவர்களால்தான் சொல்ல முடியும் என்கிறேன். அது தெரிந்த பிறகே மீட்டெடுத்த மாதிரிக்கும் உரிய மதிப்பு கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி இன்னும் வலுவானது. மேலே சொன்ன அழுத்தங்கள் கோள்களின் உட்புறத்துக்கு உரியவை. காரின் மோதலில் திரிபு வீதம் வினாடிக்கு ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. லேசர் அதிர்ச்சியில் அது கோடிகளில் இருக்கிறது. நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்த இடைவெளி உண்மையானது, அதை மறைத்து வாதிட எனக்கு விருப்பமில்லை. டான்டலத்தின் எண்ணை எடுத்து எஃகுக் கதவுச் சட்டத்தின் மெட்டீரியல் கார்டில் எழுதச் சொன்னால் அது தவறாகும். ஆனால் முறை அந்த வேகங்களோடு கட்டுண்டது அல்ல. கோல்ஸ்கி தண்டையே சின்க்ரோட்ரான் கதிர்க்கற்றையில் பொருத்தி, மாதிரி நசுங்கும் சில நூறு மைக்ரோ வினாடிகளுக்குள் வரிசையாக வளையங்களைப் பதிவுசெய்யும் சோதனைகள் அமெரிக்காவில் நடந்துள்ளன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மக்னீசியக் கலவைகளை இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். மக்னீசியத்தில் எளிதில் உருவாகும் ட்வின் படிகத்தை ஏறத்தாழ 86 டிகிரி திருப்பிவிடுகிறது; வளையத்தில் ஒளிர்வு இடம் மாறுவது தெளிவாகத் தெரியும். எடை குறைந்த வண்டிகளுக்காக மக்னீசியத்தை நாடும் எவருக்கும் இது நேரடியாகத் தேவைப்படும் செய்தி. உங்கள் வளைவரை பிறக்கும் அதே தண்டில், அதே வேகத்தில், அதே கணத்தில் கிடைக்கும் சான்று இது.

உங்கள் மேசைக்கு இன்னும் நெருக்கமான பொருள் ட்ரிப் எஃகு. அதற்குள் ஆஸ்டனைட் என்ற படிக அமைப்பு சிறு திட்டுகளாக எஞ்சி நிற்கிறது. எஃகு இழுபடும்போது அது மார்டென்சைட் என்ற வேறு அமைப்பாக மாறி, மாறிய இடத்தைக் கடினமாக்குகிறது. மோதலின் ஆற்றலை அந்த எஃகு நன்றாக உள்வாங்குவதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வேகம் இதில் குறுக்கிடுகிறது. உலோகத்தை வளைக்கச் செலவிடும் வேலையின் பெரும்பங்கு வெப்பமாகிறது என்பதை டெய்லரும் குவின்னியும் 1934-லேயே அளந்துகாட்டினார்கள். மெதுவான சோதனையில் அந்தச் சூடு வெளியேற நேரம் இருக்கும், மோதலில் இருக்காது. சூடேறிய ஆஸ்டனைட் நிலைத்தன்மை பெற்று மாற மறுக்கும். ஆக, வேகம் ஒருபுறம் எஃகின் எதிர்ப்பைக் கூட்டுகிறது, மறுபுறம் வெப்பத்தின் வழியாக மாற்றத்தைத் தடுத்துப் பின்னால் வரவேண்டிய கடினத்தைக் குறைக்கிறது. வளைவரையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட மிச்சம் மட்டுமே தெரியும். அந்த மிச்சத்துக்கு மாறிலிகளைப் பொருத்தினால், சோதித்த அந்த ஒரு வேகத்தில், அந்த ஒரு திசையில் பொருந்தும். உண்மையான வண்டியின் முன்சட்டத்திலோ மடிப்பின் உச்சி வேகமாக வளைகிறது, பக்கச்சுவர் மெதுவாக வளைகிறது, வளைந்த பகுதி மறுபடி நிமிர்கிறது. ஆஸ்டனைட்டுக்கும் மார்டென்சைட்டுக்கும் தனித்தனி வளையங்கள் உண்டு. அவற்றின் ஒளிர்வை ஒப்பிட்டால் எந்தக் கணத்தில் எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். அந்த அளவை ஏற்கும் மாதிரியும் தயாராக இருக்கிறது: திரிபால் உருவாகும் மார்டென்சைட்டின் பங்கை விவரிக்கும் சமன்பாட்டை ஓல்சனும் கோஹனும் 1975-லேயே தந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக, எங்கள் கணிப்பு மோதல் சோதனையோடு ஒத்துப்போகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒத்துப்போவது பெருமைக்குரியதே, அந்த உழைப்பு உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் முழு வண்டியின் கணிப்பில் உராய்வு, பற்றவைப்புப் புள்ளிகளின் முறிவு, மெஷ்ஷின் அளவு, தகட்டின் தடிமன் என்று சரிசெய்யக்கூடிய எண்கள் ஏராளம். ஒன்றில் உள்ள பிழையை மற்றொன்றின் பிழை ஈடுகட்டி, இறுதி விடை சரியாக வரக்கூடும். பழகிய எஃகில், பழகிய வடிவத்தில் இந்த ஈடு நிலைக்கும். புதிய கலவைக்கோ, வண்டியின் அடியில் பேட்டரிப் பெட்டியைச் சுமக்கும் புதிய சட்டத்துக்கோ போகும்போது அது எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணத்தை அறிந்து எழுதிய மாதிரியும் பிழைபடலாம். ஆனால் எந்த இடத்தில் பிழைபடும் என்று அதைப் பார்த்தே கணிக்க முடியும். புதிய பொருளுக்குப் போகும் பொறியாளருக்குத் தேவையான பாதுகாப்பு அதுவே.

நான்காவதாக, அணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மூலக்கூறு இயக்கக் கணிப்பு இருக்கும்போது சோதனை எதற்கு என்ற கேள்வி. அந்தக் கணிப்பு அணுக்களுக்கு இடையேயான விசையை ஓர் ஊகமான சார்பாக எடுத்துக்கொள்கிறது. சின்னஞ்சிறு துண்டையும் மிகக் குறுகிய காலத்தையுமே அது தாங்கும். அதை மெய்ப்பிக்க அதே அளவில், அதே காலத்தில் ஒரு சோதனை வேண்டும். 2013-ல் மிலாத்தியனாகியும் துணையாளர்களும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. வினாடிக்கு 100 கோடி என்ற திரிபு வீதத்தில் அழுத்திய தாமிரம், ஒரே திசையில் மீள்தன்மையோடு சுருங்கிய நிலையிலிருந்து எல்லாத் திசைகளிலும் தளர்ந்த நிலைக்குச் சில பத்து பிக்கோ வினாடிகளுக்குள் மாறுவதை எக்ஸ் கதிர் லேசர் பதிவுசெய்தது; பல மில்லியன் அணுக்களைக் கொண்ட கணிப்போடு அதை நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. அணுக் கணிப்பை நம்பத் தகுந்ததாக்குவதும் இந்தச் சோதனைதான். அதை விலக்கிவிட்டுக் கணிப்பை மட்டும் வைத்துக்கொள்வது, ஓர் ஊகத்துக்கு இன்னோர் ஊகத்தைத் துணைக்கு அழைப்பதாகிவிடும்.

எதிர்த்தரப்பில் மிச்சமிருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பு விளைவும் தானாகப் பேசுவதில்லை. அதையும் ஒரு மாதிரியின் வழியாகத்தான் படிக்கிறோம். கதிர்க்கற்றை தொடும் பகுதி மிகச் சிறியது. அது முழுத் தகட்டுக்கும் பிரதிநிதியாகாமல் போகலாம். பெரிய படிகங்கள் உள்ள உலோகத்தில் வளையம் முழுமையாகாமல் சிதறிய புள்ளிகளாகவே நிற்கும். வளையம் அகல்வதற்கு டிஸ்லொகேஷன் ஒரு காரணம் மட்டுமே. ஒரே படத்துக்குள் வெவ்வேறு தகைவு நிலைகள் கலந்திருந்தாலும் அகலும். எல்லாவற்றையும் விடக் கடினமானது வெப்பநிலை: சூடேறியதால் விரிந்த அணுத்தள இடைவெளியும் தகைவால் மாறிய இடைவெளியும் ஒரே வளையத்தில் சேர்ந்து தெரிவதால், இரண்டையும் பிரிப்பதற்குத் தனி உழைப்பு வேண்டும். இவற்றை மறந்து எக்ஸ் கதிர்ப் படத்தை இறுதித் தீர்ப்பாக வைக்கக் கூடாது. ஆனால் இந்தக் குறைகள் வளைவரையின் குறைகளிலிருந்து வேறுபட்டவை. தண்டு முழு மாதிரியையும் சராசரியாக அளக்கிறது, உள்ளே பார்ப்பதில்லை. எக்ஸ் கதிர் உள்ளே பார்க்கிறது, சிறு பகுதியை மட்டும் பார்க்கிறது. பிழை செய்யும் விதம் வேறுபட்ட இரண்டு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

இதெல்லாம் எங்கோ தொலைவில், யாருடைய செலவிலோ நடப்பது என்ற தயக்கமும் இருக்கும். ஆர்கான், ஸ்டான்ஃபோர்ட், ஹாம்பர்க் ஆகிய இடங்களில், முடிவுகளை வெளியிட முன்வரும் ஆய்வாளர்களுக்கு முன்மொழிவின் தகுதியைப் பார்த்துக் கதிர்க்கற்றை நேரம் கட்டணமின்றி ஒதுக்கப்படுகிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தின் இந்தஸ்-2, 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்கும் நம் நாட்டுச் சின்க்ரோட்ரான். விளிம்பு விளைவுக்கென்றே அங்கு கதிர்க்கற்றை வழிகள் உண்டு. வேகமான சோதனையை அங்கேயே செய்ய முடியாவிட்டாலும், மெதுவாக இழுக்கும்போது ஆஸ்டனைட் எவ்வளவு மாறுகிறது என்ற அடிப்படை அளவை அங்கிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் எக்ஸ் கதிர் ஆய்வகம் கட்ட வேண்டியதில்லை. கதிர்க்கற்றை அருகே இருக்கும் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் எட்டாதது தொழிற்சாலையில் உருண்டு வந்த உண்மையான தகடும், மோதலில் அந்தத் தகடு சந்திக்கும் திரிபின் வரலாறும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு மெட்டீரியல் கார்டிலும், அது எந்தத் திரிபு வீதம் முதல் எந்தத் திரிபு வீதம் வரை, எந்த வெப்பநிலையில் சோதிக்கப்பட்டது, எந்த உட்காரணம் ஊகிக்கப்பட்டது, அந்த ஊகத்துக்கு நேரடிச் சான்று உண்டா என்பதை எழுதுங்கள். கணிப்பு அந்த எல்லையைத் தாண்டும்போது அறிக்கையில் அதைக் குறிப்பிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அடுத்து, புதிய பொருளுக்கு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது, மார்டென்சைட்டின் பங்கு, ட்வின்களின் பங்கு, டிஸ்லொகேஷன் அடர்த்தி போன்று எக்ஸ் கதிரால் அளக்கக்கூடிய உட்கூறுகளைக் கொண்ட மாதிரிக்கு முன்னுரிமை கொடுங்கள். அப்போதுதான் சோதனை உங்கள் மாதிரியின் உள்ளே புகுந்து அது சரியா தவறா என்று சொல்ல முடியும். மூன்றாவதாக, கதிர்க்கற்றை ஆய்வாளர்களோடும் நம் ஐஐடிகளின் உலோகவியல் துறைகளோடும் சேர்ந்து முன்மொழிவுகள் எழுதுங்கள். போட்டியால் மறைக்க வேண்டிய கலவைகள் இருந்தால், எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பொதுவான எஃகிலாவது அந்த அளவுகளைப் பொதுவில் வையுங்கள்.

மோதல் கணிப்பு இன்று வெறும் ஆலோசனையாக இல்லை. எந்தத் தகடு எவ்வளவு மெலியலாம், எந்தச் சோதனையைக் கைவிடலாம் என்பதையெல்லாம் அது முடிவுசெய்கிறது. நேரடிச் சோதனைகள் குறையக் குறைய அதன் சொல்லுக்கு அதிகாரம் ஏறுகிறது. அதிகாரம் ஏறும் அளவுக்கு அதன் அடித்தளத்தின் சான்றும் ஏற வேண்டும். வளைவரை ஒன்றே போதும் என்று இருந்த காலத்தில் வேறு வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் தேவை. அந்தக் குரல் ஆய்வகங்களிலிருந்து மட்டும் வந்தால் அது விஞ்ஞானிகளின் ஆர்வமாகவே பார்க்கப்படும். உங்களிடமிருந்து வந்தால் அது தொழிலின் தேவையாக மதிக்கப்படும், பணமும் நேரமும் அதற்கு ஒதுக்கப்படும். அடுத்து நீங்கள் ஒப்புதல் தரப்போகும் மெட்டீரியல் கார்டில், இந்த எண்ணுக்குப் படிகத்துக்குள் என்ன காரணம், அதை யார் பார்த்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவர்